‘ஸ்பூக்ஸ்’ என்றால் பேய் என்றுதான் நினைத்தேன்

அமெரிக்க எழுத்தாளர் பிலிப் ராத்தின் ‘தி ஹியூமன் ஸ்டெயின்’ (2000) நாவலை முதல் தடவை படித்தபோது கதையின் முடிச்சே எனக்குப் பிடிபடவில்லை. கோல்மன் சில்க் என்ற கிரேக்க இலக்கியப் பேராசிரியர் வருகைப் பதிவு எடுக்கிறார். செமஸ்டர் தொடங்கியதிலிருந்து இரண்டு பேர் வகுப்புப் பக்கமே வரவில்லை. “இவர்கள் நிஜமாகவே இருக்கிறார்களா, இல்லை ஸ்பூக்ஸா?” என்று கேட்கிறார். அகராதியைப் பார்த்தேன், பேய் என்றிருந்தது. சரி, வாத்தியார் கிண்டல் என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன். பார்த்தால் அந்த ஒரு சொல்லுக்காக விசாரணை, கண்டனம், கடைசியில் மனுஷன் வேலையையே விட்டுவிட்டுப் போகிறார்! அப்புறம்தான் தெரிந்தது, அது கறுப்பினத்தவரைக் குறிக்கும் பழைய வசைச்சொல்லும்கூட. வராத இருவரும் கறுப்பின மாணவர்கள். சில்க் அவர்களைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

(இனி கதை உடையும், படிக்காதவர்கள் தாண்டிவிடவும்.) சில்க்கே வெளுத்த நிறத்தில் பிறந்த கறுப்பர். யூதர் என்று சொல்லி ஆயுசைக் கழித்தவர்.

இங்கே நியூஜெர்சியில் எங்கள் வாசகர் வட்டத்தில், கும்பலாகச் சேர்ந்து ஒருவரை ஒழித்துக்கட்டிய கதை என்று ஆவேசமாகப் பேசினேன். ஓய்வுபெற்ற கறுப்பின ஆசிரியை ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி, அவன் அம்மா என்ன ஆனாள்?” என்றார். கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் பெற்றோர் செத்துவிட்டதாகச் சொல்லிவிட்டேன் என்று மகன் வந்து நிற்கிறான். பேரப்பிள்ளைகளைத் தொட வேறு வழியில்லை என்றால், வேறு பெயரில் கூலிக்குப் பிள்ளை பார்க்கிறவளாகக்கூட வருகிறேன் என்கிறாள் தாய். அந்தப் பக்கத்தை நான் வேகமாகக் கடந்திருந்தேன்.

*

அண்ணா, உங்கள் ‘ஸ்பூக்ஸ்’ பதிவைப் படித்தேன். எனக்கு ‘அமெரிக்கன் ஃபிக்‌ஷன்’ (2023) படத்தில் இப்படி ஆனது. கறுப்பர் வாழ்க்கை என்றாலே வறுமையும் வன்முறையும்தான் என்று காட்டும் ஒரு நாவல் பரிசுக்கு வருகிறது. பரிசுக்குழுவில் கறுப்பின எழுத்தாளர்கள் இருவரும் அது வேண்டாம் என்கிறார்கள். மற்ற மூன்று வெள்ளையர்களும் அதற்கே பரிசு கொடுத்துவிட்டு, கறுப்பர்களின் குரலைக் கேட்பது எவ்வளவு அவசியம் என்று உருகுகிறார்கள். தியேட்டரே சிரித்தது. நானும்தான். ஆனால் அந்த மாதிரி நாவல்களை ‘ஐயோ, என்ன ஒரு நிஜம்!’ என்று நாலு பேருக்குச் சிபாரிசு செய்தவன் நான்.

*

ஒரு கொசுறு. பிரின்ஸ்டன் பேராசிரியர் மெல்வின் டூமினுக்கு 1985-இல் நடந்ததுதான் அந்த ‘ஸ்பூக்ஸ்’ காட்சி. விக்கிப்பீடியாவில் நாவலுக்குத் தூண்டுதல் என்று வேறொருவரைச் சொல்லியிருந்தார்கள். ராத் திருத்தச் சொன்னால், எழுதியவர் சொல்வது மட்டும் போதாது, வேறு ஆதாரம் வேண்டும் என்றார்களாம். 2012-இல் மனுஷன் ‘நியூயார்க்கர்’ பத்திரிகையின் தளத்தில் பகிரங்கக் கடிதமே எழுதிவிட்டார்.