மைய உள்நுழைவுக் கையேடு: 'அங்கீகாரம்' என்ற ஒரே சொல் போதாது

அனைவருக்கும் வணக்கம்.

லினக்ஸ் வழங்கிகளுக்கான கையேட்டு வரைவில் ஆத்தென்டிகேஷன், ஆத்தரைசேஷன் இரண்டுக்கும் 'அங்கீகாரம்' என்றே இருக்கிறது. இதைப் பிரித்தே ஆகவேண்டும். வந்தவர் தாம் சொல்லும் ஆள்தானா என்பது ஒரு கேள்வி. அவரை இந்த வழங்கிக்குள் விடலாமா என்பது வேறு கேள்வி. லினக்ஸில் உள்நுழைவுச் சோதனைகளை நடத்தும் பாம் அமைப்பிலேயே முன்னதற்கு 'ஆத்', பின்னதற்கு 'அக்கவுன்ட்' எனத் தனித்தனி வரிசைகள் உண்டு.

பயனர் விவரங்களை ஒரே இடத்தில் வைத்திருக்கும் எல்டாப் பெயரேட்டில் (டைரக்டரி) ஒருவரின் கடவுச்சொல்லை முடக்கிவிட்டு 'அங்கீகாரம் நீக்கியாயிற்று' என்று இருந்துவிடுகிறார்கள். கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் அவருடைய பொதுத்திறவி வழங்கியில் கிடந்தால் அவர் எஸ்எஸ்எச் என்ற தொலை உள்நுழைவு வழியே உள்ளே வந்துவிடுவார். திறவியை, வழங்கியில் ஓடும் எஸ்எஸ்எச் நிரலான எஸ்எஸ்எச்டியே சரிபார்த்துக்கொள்கிறது. பாமின் ஆத் வரிசை ஓடுவதே இல்லை. தடுக்கவேண்டியது அக்கவுன்ட் வரிசை. அதுவும் எஸ்எஸ்எச்டியின் அமைப்பில் 'யூஸ்பாம் யெஸ்' என்று இருந்தால்தான்.

வழங்கியைப் பெயரேட்டோடு இணைக்கும் எஸ்எஸ்எஸ்டியில், யாரை உள்ளே விடுவது என்று சொல்லும் 'ஆக்சஸ் ப்ரொவைடர்' வரியை எழுதாமல் விட்டால் இயல்பிருப்பு 'பெர்மிட்'. பெயரேட்டில் உள்ள எல்லோரும் நுழையலாம். அதை 'எல்டாப்' என்று மாற்றிவிட்டு வடிகட்டியை எழுத மறந்தாலோ, ஒருவரும் நுழைய முடியாது. சிறிய இடங்களில் 'சிம்பிள்' என்று வைத்து, குழுக்களைப் பெயர்சொல்லி அனுமதிப்பதே நல்லது. மாற்றும்போது ரூட் (முதன்மை நிர்வாகி) அமர்வு ஒன்றைத் திறந்தே வைத்திருங்கள்.

என் முன்மொழிவு: ஆத்தென்டிகேஷன் – ஆளுறுதி, ஆத்தரைசேஷன் – நுழைவுரிமை.

*

> ஆத்தென்டிகேஷன் – ஆளுறுதி

பிரிப்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் 'ஆள்' இடிக்கிறது. மைய வழங்கி ஒன்றின் மூலம் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸில் ஆள் மட்டுமா தன்னை மெய்ப்பிக்கிறார்? கீடேப் கோப்பில் உள்ள திறவியைக்கொண்டு வழங்கியும் மெய்ப்பிக்கிறது. 'மெய்யுறுதி' என்றால் இருவருக்கும் பொருந்தும்.

'நுழைவுரிமை'யும் குறுகல்தான். உள்ளே வந்தபின், ரூட் உரிமையில் கட்டளை இயக்க உதவும் சூடோவுக்குத் தருவதும் ஆத்தரைசேஷனே. 'இசைவு' எனலாம்.

பிழைச்செய்தியில் வைத்துப் பாருங்கள். கடிகாரம் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் இயல்பாகக் கெர்பரோஸ் மறுத்துவிடும்: 'மெய்யுறுதி தவறியது'. பயனர் குழுவில் இல்லையென்றால் 'இசைவு இல்லை'. முதலாவதற்குக் கடிகாரத்தைச் சரிசெய்யும் க்ரோனியைப் பார்க்கவேண்டும்; இரண்டாவதற்கு எஸ்எஸ்எஸ்டி.கான்ஃப். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் நிர்வாகி தவறான கோப்பைத் திறந்து நேரத்தைத் தொலைப்பார்.

*

மெய்யுறுதி, இசைவு இரண்டையும் ஏற்கிறேன். 'மெய்யுறுதி வழங்கி' என்ற தொடரும் இயல்பாக வருகிறது.

டைரக்டரி என்ற சொல் ஒன்றுதான் மிச்சம். வரைவில் 'எல்டாப் அடைவில் உள்ள பயனருக்கு இல்ல அடைவு இல்லை' என்று ஒரு வரி. இல்ல அடைவு என்பது பயனரின் சொந்தக் கோப்புறை. இரண்டு அடைவும் வேறுவேறு பொருள் என்பது புதியவருக்கு எப்படித் தெரியும்? எல்டாப் பக்கம் 'பெயரேடு' என்றும், கோப்பு முறைமையில் 'அடைவு' என்றும் வைத்துக்கொள்வோம். 'பெயரேட்டுப் பயனருக்கு இல்ல அடைவு முதல் நுழைவில் தானாக உருவாக, பாமின் செஷன் வரிசையில் எம்கேஹோம்டிர் கூறைச் சேர்க்கவும்.' இப்படி மாற்றி எழுதி வரைவைத் திருப்பி அனுப்புகிறேன்.