மல்லாட்டைக் கொல்லைக்கு உயிர்வேலி: ஹெரஃபோர்ட்ஷயர் முறை இங்கே சரிப்படுமா?

கொல்லைமேடு:
குடியாத்தம் பக்கம் 2 ஏக்கர் மானாவாரி. மல்லாட்டை (நிலக்கடலை) போட்டால் காட்டுப்பன்றி விடுவதில்லை. கம்பிக்குப் பதில் உயிர்வேலி வைக்க உத்தேசம். இங்கிலாந்தில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஹெரஃபோர்ட்ஷயரில் செடியைப் பாதி வெட்டிச் சாய்த்துப் பின்னுகிறார்களாமே, கிளுவையை அப்படிச் செய்யலாமா? வீட்டுமனை நெருக்கடியில் அந்த வேலிகள் எப்படித் தப்பின?

வேலிக்கால்:
பாதி இல்லைங்க, முக்காலுக்கும் மேல். அங்கே வேலியில் வளரும் ஹாத்தார்ன் (முள்மரம்), ஹேசல் (கொட்டை மரம்) தண்டை அடியில் சரிவாக வெட்டுவார்கள். பட்டையும் அதை ஒட்டிய மெல்லிய மரமும்தான் மிஞ்சும். அந்த வழியே சாறு ஓடுவதால் சாய்ந்த தண்டு சாகாது. அடிக்கட்டையும் துளிர்க்கும், வேலியின் அடி அடைபடுவது அந்தத் துளிரால்தான். ஒன்றரை அடிக்கு ஒரு முளை அடித்து, மேலே ஹேசல் மிலாறு சுற்றி இறுக்குவார்கள். குளிர்கால வேலை அது.

கிளுவைக்கு இவ்வளவு பாடு தேவையில்லை, போத்தே (வெட்டிய கிளைத்துண்டு) வேர்பிடிக்கும். இலை உதிர்ந்த கோடையில் 4–5 அடிப் போத்துகளாக வெட்டி, நிழலில் போட்டு, வெட்டுவாய் ஆறியதும் மழைக்கு முன் ஓரடி ஆழத்தில் நடுங்கள். ஒன்றை இடமும் அடுத்ததை வலமுமாகச் சாய்த்து, சேரும் இடத்தில் நாரால் கட்டுங்கள். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும், அதனால் கரை போட்டு மேட்டில் நடவேண்டும். முதல் வருஷம் ஆடு அண்டக்கூடாது.

பாலாற்றோரம்:
பன்றி வேலியைத் தாண்டாது, அடியில் நுழையும். வெளிப்பக்கம் ரயில் கற்றாழை ஒரு வரிசை நெருக்கமாக வையுங்கள். யானை வரும் இடமென்றால் எந்த உயிர்வேலியும் நிற்காது.

வருஷாவருஷம் ஒரே உயரத்தில் மேலே மட்டும் வெட்டினால் அடி வெறிச்சோடும். டிராக்டர் வெட்டுக்கருவி வந்தபின் இங்கிலாந்து வேலிகளுக்கு நேர்ந்ததும் அதுதான். ஹாத்தார்ன் முந்தைய வருஷக் கிளையில்தான் பூக்கும். ஆண்டுதோறும் வெட்டினால் பழமில்லை. குளிருக்கு வடக்கிலிருந்து வரும் ஃபீல்ட்ஃபேர், ரெட்விங் பறவைகளுக்கு இரையும் இல்லை. நீங்கள் ஒரு வருஷம் ஒரு பக்கம், மறுவருஷம் மறுபக்கம் என்று கழியுங்கள். கவுதாரிக்கும் கீரிக்கும் மறைவு இருக்கும்.

வரப்புக்கல்:
மனை விஷயம்: இங்கிலாந்தின் 1997 வேலி விதிகளின்படி, 20 மீட்டருக்குக் குறையாத வயல்வேலியைப் பிடுங்க உள்ளாட்சிக்கு முன்கூட்டியே எழுதித் தரவேண்டும். வேலி 30 ஆண்டு கடந்து, முக்கியமானது என்ற தகுதியும் இருந்தால் 42 நாளுக்குள் தடுக்கலாம். 2024 முதல் பெரிய கட்டுமானங்கள் உயிரினச் சூழலை 10 சதவீதம் கூட்டித் தரவேண்டும். அதில் வேலிக்குத் தனிக் கணக்கு. நல்ல ஏற்பாடு, இங்கும் வரவேண்டும்.

ஆனால் ஹெரஃபோர்ட்ஷயரின் பெரிய நோவு 'வை' (Wye) என்ற ஆறுதான். கோழி எருவும் சாக்கடையும் சேர்க்கும் பாஸ்பரஸால் பாசி மண்டி, நீர்ச்செடிகள் அழிந்தன. துணை ஆறான லக் படுகையில் 2019 முதல் புது வீட்டு அனுமதிகளே முடங்கின. தோல் பதனிடும் கழிவு பாலாற்றுக் கிணறுகளில் இறங்கியதைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நடுவதற்கு முன் சர்வேயரை வைத்து அளந்து எல்லைக்கல் ஊன்றிவிடுங்கள். கிளுவை வேர்பிடித்தபின் தகராறு வந்தால் நகர்த்த முடியாது. கொல்லை சரிவாக இருந்தால் குறுக்கு வரப்பிலும் ஒரு வரிசை வையுங்கள், வண்டல் அங்கேயே தங்கும்.