பிரதியைத் திருத்திய புளியந்தோப்பு

வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். மேடை நாடகத்தில் மறக்க முடியாத சந்திப்பு எது என்று கேட்டிருந்தீர்கள். கைதட்டல் வாங்கிய இரவுகளைப் பலரும் எழுதிவிட்டீர்கள். நான் ஒரு நாடக வாசிப்பைப் பற்றிச் சொல்கிறேன். வாசிப்பில் ஒப்பனையும் விளக்கும் கிடையாது. பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டு, பிரதியைக் கையில் வைத்து, எதிரே இருப்பவர்களுக்கு வாசிக்க வேண்டும். ஒத்திகைக்கு முன்னால் முடித்துவிட வேண்டிய சடங்கு என்றுதான் எங்கள் வட்டத்தில் பலர் அதை நினைக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

முழுநேர மேடை நடிகைக்கு வாரம் முழுவதும் ஓட்டம்தான். காலையில் பள்ளிகளில் நாடகப் பயிற்சி, மாலையில் ஒத்திகை, இடையில் யாராவது புதிய பிரதியை வாசிக்க அழைப்பார்கள். ஒத்திகை பெரும்பாலும் தெற்கே, பெசன்ட் நகர் பக்கம். மேடையேற்றம் எழும்பூர் மியூசியம் தியேட்டரில் அல்லது நுங்கம்பாக்கத்தில். வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் ரயில் ஏறினால் வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டே போகலாம். இந்தத் தூரத்தால் கிடைக்கும் ஒரே நன்மை அதுதான். எங்கள் வடசென்னையில், வால்டாக்ஸ் சாலை ஒற்றைவாடை நாடகக் கொட்டகைக்கு நாடகம் பார்க்க ஒரு காலத்தில் ஊரே வந்தது. இப்போது நாடகத்துக்காக நாங்கள் இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நான் சொல்ல வந்த நாடகம், பின்னி மில் என்று நாம் சொல்லும் பக்கிங்காம் கர்நாடிக் ஆலையின் 1921 வேலைநிறுத்தத்தைப் பற்றியது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததே இந்த ஆலைத் தொழிலாளர்களிடையேதான். சங்கத் தலைவர்கள் வாடியாவும் திரு.வி.க.வும் பேசிய கூட்டங்கள் பிரதியில் விரிவாக இருந்தன. எழுதிய இளைஞர் நூலகத்திலேயே கிடந்து உழைத்திருந்தார். முதல் வாசிப்பை ஆலைக்குப் பக்கத்துப் புளியந்தோப்பில்தான் வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். ஒரு படிப்பகத்தில் ஞாயிறு மாலை இடம் கொடுத்தார்கள்.

முதல் காட்சி தறிக்கூடத்தில் நடக்கிறது. இரண்டு தொழிலாளர்கள் தறிகளுக்கு நடுவே நின்று கூலியைப் பற்றி நீளமாகப் பேசுவார்கள். பாதி வாசிப்பில் ஒரு பெரியவர் கையை உயர்த்தினார். 1996இல் ஆலை மூடப்படும்வரை நெசவுப் பிரிவில் இருந்தவர். “தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது அம்மா. உதட்டையும் கையையும் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம்” என்றார். எழுந்து நின்று செய்தும் காட்டினார். நூல் அறுந்துவிட்டது, மேஸ்திரி வருகிறார், சாயங்காலம் கைமாற்றாகப் பணம் கிடைக்குமா என்று எல்லாவற்றுக்கும் ஒரு சைகை இருந்தது. மேஸ்திரி வருகிறார் என்பதற்குத் தோள் மட்டும் லேசாக இறங்கியது, கண் திரும்பவே இல்லை. நாங்கள் பிரதியை மடியில் வைத்துவிட்டு அவரையே பார்த்தோம்.

பயிலரங்குகளை நான் குறைத்துப் பேசவில்லை. புரிசை ஊர்த் தெருக்கூத்துக் கலைஞர் ஒருவரிடம் அடவு என்னும் ஆட்ட அசைவுகளும், ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வரிசைவரை குரலைக் கொண்டுபோவதும் கற்றேன். இன்றுவரை அது எனக்குச் சோறு போடுகிறது. ஆனால் ஒரு வேலை ஆயுள் முழுக்க ஓர் உடம்பில் தங்கினால் அந்த உடம்பு எப்படி நிற்கும் என்பதை அந்தப் பெரியவரிடம்தான் பார்த்தேன்.

வாசிப்பு முடிந்ததும் ஒரு பெண் எழுந்தார். படிப்பகம் இருக்கும் அதே தெருக்காரர். “வேலைநிறுத்தம் செய்தவர்களின் பசியை நன்றாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் குடிசைகள் எரிந்தது எங்கே?” என்று கேட்டார். அறையில் யாரும் பேசவில்லை. 1921இல் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். அவர்களுக்கும் வேலைநிறுத்தம் செய்தவர்களுக்கும் மோதல் மூண்டு, புளியந்தோப்பில் ஆதிதிராவிடர்களுடைய குடிசைகள் கொளுத்தப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலும் உயிர்கள் போயின. பிரதி இதையெல்லாம் கதைசொல்லியின் இரண்டு வரிகளில் கடந்திருந்தது. “கருங்காலி என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எங்களோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்காதவர்கள் திடீரென்று ஒற்றுமை என்றால் அதை எப்படி நம்புவது என்று உங்கள் பாத்திரம் ஒன்றாவது கேட்க வேண்டாமா அக்கா?” என்றார்.

குழுவுக்குள் கடுமையான விவாதம் நடந்தது. சங்கத்தின் பெருமை குறைந்துவிடும் என்று சிலர் வாதிட்டார்கள். அந்தத் தெருவின் வலியை மறைத்துத்தான் சங்கத்தின் பெருமையைக் காப்பாற்ற முடியும் என்றால் அந்த நாடகத்தில் நான் நடிக்க மாட்டேன் என்றேன். எழுதியவர் இரண்டாம் பாகத்தையே மாற்றினார். இப்போது கதை புளியந்தோப்புக் குடிசை ஒன்றிலும் நடக்கிறது. அந்த வீட்டுத் தாயாக நடிக்கிறேன். தறிக்கூடக் காட்சியில் ஒரு வசனமும் இல்லை, மரக்கட்டைத் தாளமும் கைகளும் மட்டுமே. அந்தச் சைகைகளைப் பெரியவரே ஒத்திகைக்கு வந்து சொல்லிக்கொடுத்தார். பயிலரங்குப் பயிற்றுநருக்குத் தரும் அதே சம்பளத்தை அவருக்கும் தந்தோம். கூட்டுப்படைப்பு என்று பெயர் வைத்துவிட்டு, ஊர்க்காரர் சொல்வதை மட்டும் இலவசமாக வாங்கிக்கொள்வது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

காசிமேட்டு உறுப்பினர்:
எங்கள் பக்கம் ஒரு குழு மீனவர் நாடகத்தை வாசிக்க வந்தது. மீன் ஏலம் நடக்கும் விடியற்காலையில் வந்து நின்றார்கள், யார் கேட்பார்கள்? வலை பின்னும் பிற்பகலில் வரச் சொன்னோம். கை வேலையில் இருக்க, காது முழுக்க அவர்களிடம் இருந்தது. கடலில் காற்று திரும்பும் காட்சியில் என் மாமா நிறுத்தி, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்டார். நடிகருக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் படகில் ஏற்றிக்கொண்டுபோய்க் காட்டினார்.

தண்டையார்பேட்டை உறுப்பினர்:
நானும் நடிக்கிறேன் அக்கா. வாசிப்புக்கு யாரும் பணம் தருவதில்லை, பஸ் செலவுகூட என் கையிலிருந்துதான். எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வியாசர்பாடியிலிருந்து மீண்டும்:
ஒப்புக்கொள்ளும் முன்பே கேட்டுவிடு தம்பி. போக்குவரத்துச் செலவு, சாப்பாடு, பிரதியை ஒரு வாரம் முன்னதாகக் கையில் தருவது ஆகிய மூன்றையும் நான் பேசிக்கொள்கிறேன். தர முடியாத சிறு குழுவாக இருந்தால் வேறொரு நிபந்தனை வைக்கிறேன்: வாசிப்பு நம் பக்கம் நடக்க வேண்டும். தண்டையார்பேட்டையில் முப்பது பேர் உட்காரும் அறை தெரிந்தால் இங்கேயே எழுது, அடுத்த பிரதி தயாராக இருக்கிறது.