கல்லுக்கட்டி கடை காலியாகுது, வாடகைய குறைக்கலாமா?

கானாடுகாத்தான் பையன்:
காரைக்குடி கல்லுக்கட்டி பஜாரு பக்கம் அப்பச்சி காலத்து கடை ஒண்ணு இருக்கு, முன்னாடி அகலம் கம்மி, உள்ள ரயில் பெட்டி மாதிரி நீளமா போகும். இருபது வருசமா ஜவுளிக்கடை வச்சிருந்தவரு தை பொறந்ததும் காலி பண்றேன்னுட்டாரு. ஆள் வராம இல்லியாம், வந்து புடவைய விரிச்சு தொட்டுப் பாத்து போட்டோவும் புடிச்சுட்டு போயி ராத்திரி போன்ல அதே டிசைன தேடுறாங்களாம். இப்ப கேட்டு வர்றவங்க எல்லாம் வாடகைய குறைச்சுதான் கேக்குறாங்க. பங்காளிங்க மூணு பேரு, மலேசியாவுல இருக்க சித்தப்பா பழைய வாடகையில ஒத்த ரூவா குறைஞ்சாலும் கையெழுத்து போட மாட்டேங்கிறாரு, பூட்டியே கிடக்கட்டுமாம். என்ன பண்ணட்டும்?

பாத்திரக்கடை:
தம்பி, சித்தப்பாகிட்ட கணக்கா சொல்லுங்க. வாடகை 20,000ன்னு வச்சுக்குவோம், ஆறு மாசம் பூட்டுனா 1,20,000 போச்சு. 17,000க்கு விட்டா மாசம் 3,000தான் குறையும், அந்த நட்டத்த தொட 40 மாசம் ஆகும். பஜாரு செத்துப்போச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க, சீர் சாமான் எடுக்க வர்றவங்க இன்னும் அண்டாவ தட்டிப் பாத்துதான் வாங்குறாங்க, பழைய பித்தளைய எடைக்குப் போட்டு புதுசு எடுக்குறது போன்ல நடக்குமா? ரெடிமேடு துணிதான் அடி வாங்குது.

தேவகோட்டை ரஸ்தா:
கார் வச்சிருக்கவன் 100 அடி ரோட்டுக்கு போயிடுறான், கல்லுக்கட்டில பைக் நிறுத்தவே எடமில்ல. கடைய ரெண்டா பிரிங்க ப்ரோ. முன்பக்கம் பிளவுஸ் தைக்கிறவங்க, மொபைல் சர்வீஸ் மாதிரி கைவேலை ஆளுங்களுக்கு, பின்பக்கம் ஆன்லைன்ல விக்கிறவங்களுக்கு குடோனா. கண்டாங்கி சேலைக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சுருச்சு, அத வாட்ஸப்புல விக்கிறவங்களும் எங்கயாச்சும் வச்சு மடிச்சு பார்சல் போடணும்ல. பின்னாடி தனி வழி இருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க, இல்லேன்னா தினம் சண்டைதான்.

லண்டன் மாப்ள:
இங்கயும் இதே கதைதான், என்ன, சைஸ் பெருசு. ஊருக்கு ஊரு கிளை வச்சிருந்த பெரிய கடைங்களே போச்சு, வுல்வொர்த்ஸ் 2009 ஜனவரியோட க்ளோஸ், டெபன்ஹாம்ஸ் 2021 மே மாசத்தோட க்ளோஸ். முடி வெட்டுற கடை மட்டும் தெருவுக்கு நாலு இருக்கு, முடிய கூரியர்ல அனுப்பி வெட்ட முடியாதுல்ல 😄 இங்க காலிக் கடைக்கு பொதுவா மூணு மாசம்தான் கட்டட வரி விலக்கு, அப்புறம் ஓனர் கட்டணும். உங்க சித்தப்பா இங்க கடை வச்சிருந்தா தானா இறங்கி வந்திருப்பாரு.

கணக்குப்பிள்ளை:
யாருக்கு விட்டாலும் அக்ரிமெண்ட் எழுதி ரென்ட் அத்தாரிட்டியில (வாடகை ஒப்பந்தத்த பதியுற அரசு அதிகாரி) பதிவு பண்ணிருங்க, 2019லேர்ந்து புது வாடகைச் சட்டம் நடைமுறையில இருக்கு. இன்னொண்ணு, உங்களுக்கு ஜிஎஸ்டி நம்பர் இல்லாம வாடகைக்கு வர்றவருக்கு இருந்தா 2024 அக்டோபர் 10லேர்ந்து வாடகை மேல 18% ஜிஎஸ்டிய அவரே கட்டணும், காம்போசிஷன்ல (சின்ன வியாபாரிங்களுக்கான எளிய ஜிஎஸ்டி திட்டம்) இருக்கவருக்கு கிடையாது. வாடகை பேசும்போது அவரு அதையும் சேத்துதான் கணக்குப் போடுவாரு.

கானாடுகாத்தான் பையன்:
நன்றிண்ணே எல்லாருக்கும். 40 மாசக் கணக்க சித்தப்பாவுக்கு அனுப்பிட்டேன், ப்ளூ டிக் விழுந்துருச்சு, பதிலக் காணோம். தையல்காரர் ஒருத்தரு முன்பக்கம் மட்டும் போதும்ங்கிறாரு, நாளைக்கு பாக்க வர்றாரு. பின்னாடி சந்துக்கு ஒரு கதவு இருக்கு, தாழ்ப்பாள்தான் துருப்பிடிச்சு தெறக்கல.