ஒற்றியூரில் இழந்த கண்

அன்புள்ள ஊர்ச் சங்க உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

வேலையிழப்பு, நோய், பெற்றோரின் இறுதிக் காரியத்துக்கு வந்து சேர முடியாமற்போன துயரம் என்று நம்மவர் பலரும் அண்மைக் காலத்தில் எழுதியிருப்பதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. இத்தகைய காலத்தில், கேட்பாரற்றுக் கிடந்த பழைய பிழைகள் இரவில் ஒவ்வொன்றாக எழுந்து வந்து நிற்கும். அவற்றை விதி என்று சொல்லித் தள்ளிவிடாமல் நேர்கொண்டு பார்ப்பவருக்கு ஒரு புது வாழ்வு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த நம்பிக்கையை எனக்குத் தந்தது, நான் குடியிருக்கும் வடசென்னையில் நிகழ்ந்ததாகச் சேக்கிழார் பாடியிருக்கும் சுந்தரர் வரலாறு.

திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க விரும்பிய சுந்தரர், அவரைப் பிரியேன் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. கருவறையில் தாம் சூளுரைக்கும் வேளையில் இறைவன் அங்கிருந்து விலகி மகிழ மரத்தடியில் இருக்க வேண்டும் என்று முன்னதாகவே அவர் வேண்டிக்கொண்டார். இறைவனோ சங்கிலியாரின் கனவில் தோன்றி, சத்தியத்தை மகிழின்கீழ் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். பின்னர் வசந்தம் வந்தது. திருவாரூர் விழாவும் அங்கிருந்த முதல் மனைவி பரவையாரும் நினைவில் எழ, சுந்தரர் ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். இரு கண்களும் ஒளியிழந்தன. சொல் தவறியது மட்டுமன்று, சொல் கொடுக்கும்போதே தப்பிக்க வழி தேடியதும் பிழைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கண்ணிழந்தவர் அங்கேயே அமர்ந்துவிடவில்லை. வழி கேட்டு வழி கேட்டு நடந்தார். திருவெண்பாக்கத்தில் பாடிய பதிகத்தைப் 'பிழையுளன பொறுத்திடுவர்' என்று தொடங்குகிறார். அதாவது, பொறுத்துக்கொள்வீர் என்ற துணிவில்தான் பிழை செய்தேன் என்று, செய்த காரியத்தை மட்டுமன்றி அதன் வேரையும் எடுத்துக் காட்டிவிடுகிறார். கோயிலுக்குள் இருக்கிறீரா என்று கேட்டவருக்கு 'உளோம் போகீர்' (இருக்கிறோம், நீர் போம்) என்று விடை வந்தது. கிடைத்ததோ ஓர் ஊன்றுகோல். கண் வரவில்லை, ஆனால் மேலே நடக்க முடிந்தது. (அந்தப் பழைய தலம் 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் அடங்கிவிட்டதால், கோயிலைக் கரைமேல் எழுப்பியிருக்கிறார்கள். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளுள் அதுவும் ஒன்று.) காஞ்சியில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் மீண்டன.

இறைவன் பொறுத்தபின்னும் பரவையார் கதவைத் திறக்கவில்லை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. தூது சென்ற சிவபெருமானையே அவர் முதல் முறை மறுத்து அனுப்பினார். ஒருவருக்குத் தீங்கிழைத்துவிட்டுக் கோயிலில் மட்டும் அழுது தீர்த்துவிட முடியாது. அவர் வாசலுக்கும் போய் நிற்க வேண்டும், அவர் சினந்தால் அதையும் ஏற்க வேண்டும்.

நம் ஊரைச் சேர்ந்த ஒருவர், பெயர் வேண்டாம், இங்கே சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறார். தந்தை இறந்த ஆண்டில் தங்கையிடம் நயமாகப் பேசி, சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியவர் அவர். அதன்பின் அந்த அம்மா அண்ணன் வீட்டுப் படி மிதிக்கவில்லை. நோய் முற்றியபோது அவர் கேட்டுக்கொண்டதால் நான்தான் அந்த அம்மாவை அழைத்துச் சென்றேன். 'உன் பங்கை நான் ஏமாற்றித்தான் வாங்கினேன் தாயி, உனக்குத் தெரியாதென்று நினைத்தேன்' என்றார். அந்த அம்மா பதில் சொல்லவில்லை, அழவும் இல்லை. பிறகு அண்ணன் சார்பதிவாளர் அலுவலகத்துக்குத் தாமே வந்து, மருமகன் தோளைப் பிடித்துக்கொண்டு, தங்கை பெயருக்குச் செட்டில்மெண்ட் பத்திரம் பதிவுசெய்து கொடுத்தார். இப்போது வாரம் ஒருமுறை அந்த அம்மா வருகிறார். பேச்சு இன்னும் குறைவுதான். நாளுக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று மருத்துவர் விதித்திருப்பதால், டம்ளரில் அளந்து ஊற்றி, மீதியைக் கண்ணில் படாதபடி எடுத்து வைத்துவிடுகிறார். நோய் குறையவில்லை. ஆனால் அவர் முகத்தில் இருந்த கடுகடுப்புப் போய்விட்டது. இரவில் தூங்குகிறேன் என்கிறார்.

இதை எழுதுவதால், துன்பப்படுகிறவர் எல்லாரும் ஏதோ பாவம் செய்தவர் என்று எவரும் பொருள் கொள்ள வேண்டாம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் வினைப்பயன் என்று சொல்வதைப் போலக் கொடுமை வேறில்லை. நம் ஊர் இழவு வீடுகளில் அதைக் கேட்டுக் கூசியிருக்கிறேன். துன்பம் ஏன் வந்தது என்ற கேள்வி வேறு, துன்பத்தில் நம் கண்ணுக்குத் தெரியவரும் நம் பிழையை என்ன செய்வது என்ற கேள்வி வேறு. முன்னதற்கு என்னிடம் விடையில்லை. பின்னதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

மாசிப் பெருவிழாவில் திருவொற்றியூர்க் கோயிலில் மகிழடி சேவை நடைபெறும். அந்தச் சத்தியத்தை மகிழ மரத்தடியில் நடத்திக் காட்டுவார்கள். அப்போது சென்னை வருகிறவர்கள் முன்கூட்டியே தெரிவியுங்கள். தேரடி மெட்ரோ நிலையத்தில் காத்திருந்து அழைத்துச் செல்கிறேன். உடன்பிறந்தாரோடு பேச்சற்றிருந்து, பேச ஓர் ஆள் துணை வேண்டும் என்று நினைப்பவர்கள் எனக்குத் தனி மடல் எழுதலாம். அந்த வீட்டுக்கும் உடன் வருகிறேன்.