மறுமொழி: டேப்பில் படம் ஏற்றுவதற்கு என்ன சொல்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

டேப்பில் (டேப்லெட்) படம் போட்டு இணையம் இல்லாமல் பார்ப்பதற்கு, அதாவது ஆங்கிலத்தின் ‘சைட்லோட்’, ‘ஆஃப்லைன்’ இரண்டுக்கும், தமிழில் என்ன சொல் என்று கேட்ட இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளைப் படித்தேன். பக்கவேற்றம், கோப்புக் கடத்தல், தரவுப் பரிமாற்றம், அகல்நிலைக் காட்சி, முடக்கலைப் பார்வை. எல்லாமே யோசித்து வந்தவைதான். ஆனால் இன்று இரவு எழும்பூரில் நெல்லைக்கு ரயில் ஏறப்போகிற ஒருவரிடம் இவற்றில் எதைச் சொன்னாலும் விழிப்பார். அவருக்கு வேண்டியது சின்ன விஷயம். கணினியில் இருக்கும் படத்தை டேப்பில் போட்டுக்கொள்ள வேண்டும். செங்கல்பட்டு தாண்டி சிக்னல் விட்டுவிட்டு வந்தாலும் படம் தடங்கலின்றி ஓட வேண்டும்.

நாம் ஒரே சொல்லைத் தேடுவதுதான் இங்கே சிக்கல் என்று நினைக்கிறேன். படத்தை டேப்புக்குள் கொண்டுவருவது ஒரு செயல். வந்தபிறகு இணையம் இல்லாமலும் அது நம்மிடம் இருப்பது ஒரு நிலை. இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கப் பார்த்தால் ‘அகல்நிலைக் கோப்புப் பரிமாற்றம்’ போல ரயில்பெட்டித் தொடர்தான் வரும்.

முதலில் செயல். இதற்குச் சொல் நம் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் பர்மா பஜாரிலும், தெருமுனை ரீசார்ஜ் கடைகளிலும், மெமரி கார்டு புழக்கத்துக்கு வந்த காலத்திலிருந்தே ‘பாட்டு ஏத்திக் குடுங்க’, ‘படம் ஏத்தணும்’ என்றுதான் கேட்டார்கள். கடைக்காரர் பலகையில் எழுதியதும் ‘பாடல்கள் ஏற்றித் தரப்படும்’. (அங்கே ஏற்றிய படங்களில் எத்தனை முறையானவை என்பது வேறு கதை. நான் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், சரக்கை அல்ல.) எந்தக் கலைச்சொல் குழுவும் கூடாமல் பிறந்து, பல ஆண்டு ஓடித் தேய்ந்த சொல் இது.

> ஏற்று என்றால் அப்லோடு ஆகிவிடாதா? அதற்குத்தான் பதிவேற்றம் என்று வைத்துவிட்டோமே.

நியாயமான கேள்வி. ஆனால் ‘ஏற்று’ என்பதை ‘மேலே’ என்று மட்டும் படித்தால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. துறைமுகத்தை நினைத்துப் பாருங்கள். ஏற்றுமதி, இறக்குமதி என்ற சொற்களில் உயரம் எங்கே இருக்கிறது? எந்தக் கலத்தில் சரக்கு ஏறுகிறது, எதிலிருந்து இறங்குகிறது என்பதுதான் கணக்கு. வழங்கியிலிருந்து (சர்வர்) இறக்குகிறோம், அது பதிவிறக்கம். இறக்கியதைக் கணினியின் வன்வட்டிலிருந்து எடுத்து டேப்பில் வைக்கிறோம், அது ஏற்றுதல். தமிழ்க் காதுக்கு இதில் முரணே இல்லை. மேலும் ‘பதிவு’ என்ற முன்னொட்டு இணையத்தோடு நடக்கும் போக்குவரத்தைத் தனியே குறித்துவிடுகிறது. தளத்தில் பதிவேற்று, டேப்பில் ஏற்று. எங்கே என்பதை ‘இல்’ உருபு சொல்லிவிடும்.

இன்னொரு வசதியும் உண்டு, எனக்கு இதுதான் முக்கியம். ‘ஏற்று’ பிறவினை என்றால் ‘ஏறு’ அதன் தன்வினை. இடைமுகத்தில் பிழைச்செய்தி எழுதியவர்களுக்கு இதன் அருமை தெரியும். ‘கோப்புப் பரிமாற்றம் தோல்வியுற்றது’ என்று எழுதுகிற இடத்தில் ‘படம் ஏறவில்லை’ என்று முடித்துவிடலாம். ‘ஏறுகிறது’, ‘பாதி ஏறியது’, ‘ஏறிவிட்டது’, ‘இடமில்லாததால் ஏறவில்லை’. முன்னேற்றப் பட்டைக்கு வேண்டிய அத்தனை வடிவமும் ஒரே வேரிலிருந்து வருகிறது. டேப்பில் சார்ஜும் இதே வினையில்தான் ஏறுகிறது என்பதைக் கவனித்தீர்களா? யாரும் குழம்புவதில்லை.

சொல் தாங்குகிறதா என்று பார்க்கக் டேப் பயனர் கையேட்டு வரைவின் ஒரு பத்தியை அதிலேயே எழுதிப் பார்த்தேன்:

‘ஆண்ட்ராய்டு டேப்பைக் கேபிளால் கணினியில் இணைத்தால் பெரும்பாலும் முதலில் சார்ஜ் மட்டுமே ஏறும். திரையின் மேலிருந்து அறிவிப்பை இழுத்து, யுஎஸ்பி அமைப்பில் கோப்புகளுக்கான விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் டேப்பின் சேமிப்பகம் கணினியில் தெரியும். படத்தை அதன் மூவீஸ் அடைவில் ஏற்றுங்கள். மெமரி கார்டில் ஏற்றுவதாக இருந்தால், அந்தக் கார்டு ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஃபேட்32 கார்டில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது, கார்டில் 20 ஜிபி காலியாக இருந்தாலும் ஏறாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் ஏறும். ஆனால் மாற்றும்போது கார்டில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் முதலில் அவற்றை வேறிடத்தில் எடுத்து வையுங்கள். படம் ஏறியும் ஓடவில்லை, அல்லது ஒலி மட்டும் வருகிறது என்றால் குறை ஏற்றியதில் இல்லை. அந்தக் காணொளி வகையை உங்கள் டேப்பில் உள்ள காணொளி இயக்கிக்கு (ப்ளேயர்) தெரியவில்லை. விஎல்சி போன்ற வேறொரு இயக்கியில் திறந்து பாருங்கள். அதிலும் திக்கினால் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளைக் கொண்டு எச்.264 வகைக்கு மாற்றி, மறுபடி ஏற்றுங்கள்.’

எங்கும் இடறவில்லை. ‘4 ஜிபிக்கு மேல் ஏறாது’ என்ற வரி எனக்குப் பேச்சுத் தமிழாகவும் படுகிறது, கையேட்டுத் தமிழாகவும் படுகிறது. பெயர்ச்சொல் வேண்டிய இடத்தில் ‘கோப்பேற்றம்’ என்று வைத்துக்கொள்ளலாம். ‘படமேற்றம்’ என்று ஒருவர் சொன்னார். அழகுதான், ஆனால் நாளைக்கு மின்னூலும் பாட்டும் ஏற்றும்போது இடிக்கும். வெறும் ‘ஏற்றம்’ வேண்டாம். அது கிணற்றடிக்குப் போய்விடும், இல்லையென்றால் பங்குச்சந்தைக்கு.

மற்றப் பரிந்துரைகளை ஏன் ஒதுக்குகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘பக்கவேற்றம்’ ‘சைட்லோட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் எலும்புக்கூட்டை அப்படியே தமிழில் நிறுத்துகிறது. அதைவிடப் பெரிய குறை, உலாவியில் ‘பக்கம் ஏற்றப்படுகிறது’ என்று நாமே எழுதி வைத்திருக்கிறோம். அதன் அருகில் பக்கவேற்றம் வந்தால் வலைப்பக்கம் திறப்பதைச் சொல்வதாகத்தான் படிப்பார்கள். ‘கடத்தல்’ இயற்பியலில் நன்றாக வேலை செய்கிறது, மின்கடத்தி, வெப்பக் கடத்தல் என்று. ஆனால் நாளிதழ் படிக்கிற தமிழருக்குக் கடத்தல் என்றால் விமான நிலையத்தில் பிடிபட்ட தங்கம். ‘படக் கடத்தல்’ என்று கையேட்டில் அச்சிட்டால் யாராவது காவல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுவார்கள். ‘பரிமாற்றம்’ இருபக்கமும் கொடுத்து வாங்குவது. இங்கே ஒருபக்கப் போக்குதான். ‘இடமாற்றம்’ என்றால் அரசு ஊழியர் மாதிரி, பழைய இடம் காலியாகிவிடும். நாமோ மூலக் கோப்பைக் கணினியில் விட்டுவிட்டு நகலைத்தான் ஏற்றுகிறோம்.

செயலிக் கடைக்கு வெளியே கிடைக்கும் செயலியை நிறுவுவதற்கும் ஆங்கிலத்தில் இதே ‘சைட்லோட்’ என்பதால் தமிழிலும் ஒன்றே வேண்டும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. அவர்களுக்கு ஒரு சொல் இரண்டு வேலை செய்கிறது என்பதற்காக நாம் ஏன் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டும்? செயலிக்கு ‘வெளிநிறுவல்’ என்று தனியே வைத்துக்கொள்ளலாம். அதில் பாதுகாப்பு எச்சரிக்கை ஒன்று உள்ளே இருப்பதும் நல்லதே.

அடுத்து நிலை. இங்கேதான் எனக்கு வருத்தம் அதிகம். இயங்கலைக்கு (ஆன்லைன்) எதிர்ச்சொல்லாக ‘முடக்கலை’ என்றால் எதுகை நன்றாக இருக்கிறது, பொருள்தான் தலைகீழாகப் போகிறது. படம் அருமையாக ஓடிக்கொண்டிருக்கும்போது மேலே ‘முடக்கலை’ என்று காட்டினால் பெரியவர்கள் டேப் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். ‘அகல்நிலை’ கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் எது எதைவிட்டு அகன்றது என்று விளக்க ஒரு அடிக்குறிப்பு தேவைப்படுகிறது. இந்தச் சொற்கள் எல்லாமே வலையமைப்பின் பக்கம் நின்று பேசுகின்றன. பார்ப்பவரின் பக்கம் நின்றால் கேள்வியே மாறிவிடும். என்ன இல்லை என்பது அவருக்குப் பொருட்டில்லை. கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

எனவே என் பரிந்துரை ‘கையிருப்பு’.

சென்னையில் இருப்பவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் அடித்தபோதும், 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் வெள்ளம் நின்றபோதும் மின்சாரமும் சிக்னலும் சேர்ந்தே போயின. அப்படிப்பட்ட நேரத்தில் சார்ஜ் தீரும்வரை குழந்தைகளை உட்கார வைக்க உதவுவது முன்பே ஏற்றி வைத்திருந்த படங்கள்தான். வீட்டில் அரிசி, பருப்பு எவ்வளவு கையிருப்பு என்று கேட்பது போலவே டேப்பில் என்ன கையிருப்பு என்று கேட்கலாம். ‘கையிருப்பில் வை’, ‘கையிருப்பிலிருந்து நீக்கு’, ‘கையிருப்புப் படங்கள்’. பட்டியல் தலைப்பாகவும் பொத்தானாகவும் பொருந்துகிறது. ‘கைவசம்’ என்றும் யோசித்தேன். பேச்சில் அது இன்னும் இயல்பு. ஆனால் ‘கைவசப் படங்கள்’ என்னும்போது கொஞ்சம் வழுக்குகிறது.

> கையிருப்பு வங்கிச் சொல் அல்லவா? சேமிப்பகத்தில் மீதமுள்ள இடத்தைக் குறிப்பதாக நினைத்துவிடுவார்களே.

அந்த ஆபத்து கொஞ்சம் உண்டு. மீதமுள்ள இடத்துக்கு ‘இருப்பு’ என்று எங்கும் எழுதாமல் ‘காலி இடம்’ என்றே எழுதினால் போதும். இணைப்பின் நிலையை மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில், அதாவது இணைப்பு அறுந்துவிட்டது என்று அறிவிக்கும்போது, ‘இணையம் இல்லை’ என்று நேராகச் சொல்லிவிடலாம். அதற்குக் கலைச்சொல்லே வேண்டாம். எல்லாவற்றுக்கும் சொல் வடிக்க வேண்டும் என்ற கட்டாயம் நம் குழுவின் தொழில்நோய் என்று அவ்வப்போது தோன்றும்.

இப்போது ஒரு நெருடல். ஓடிடி செயலிகளில் ‘பதிவிறக்கு’ என்று அழுத்தினாலும் படம் டேப்புக்குள் வருகிறது. இணையம் இல்லாமலும் ஓடுகிறது. அதுவும் கையிருப்புதானா? இல்லை என்கிறேன். அந்தக் கோப்பு பூட்டுப் போட்டுத்தான் வருகிறது. செயலிக்குள் மட்டும் திறக்கும், கேபிள் போட்டுக் கணினிக்கு எடுத்தாலும் எதிலும் ஓடாது. அதற்கு உரிமக் கெடு உண்டு. இணையத்தில் வாடகைக்கு எடுக்கும் படங்களுக்குப் பல தளங்களில் 30 நாள் கெடு, பார்க்கத் தொடங்கிவிட்டால் 48 மணி நேரம். சந்தா நின்றால் இறக்கியதும் போச்சு. தளத்துக்கும் தயாரிப்பாளருக்கும் ஒப்பந்தம் முடிந்தால், சந்தா கட்டிக்கொண்டே இருந்தாலும் அந்தப் படம் பட்டியலைவிட்டுப் போய்விடும். நீங்களே எடுத்த கல்யாண வீடியோவும், விலை கொடுத்து வாங்கிய பூட்டில்லாத கோப்பும் அப்படிப் போகாது. நீங்கள் அழித்தால்தான் அழியும்.

இந்த வேறுபாட்டை இடைமுகங்கள் வேண்டுமென்றே மழுப்புகின்றன என்பது என் சந்தேகம். ஒரே அம்புக்குறி, ஒரே சொல். தமிழிலாவது நாம் பிரித்துக் காட்டலாம். இதற்கு ‘உரிம வரம்புக்குட்பட்ட தற்காலிகப் பதிவிறக்கம்’ என்று எழுதினால் யார் படிப்பார்கள்? நம்மிடம் ‘இரவல்’ இருக்கிறது. இரவல் புத்தகம், இரவல் நகை மாதிரி இரவல் படம். கையில் இருக்கிறது, பயன்படுத்தலாம், நம்முடையதல்ல, கெடு வந்தால் போய்விடும். ஒரே சொல்லில் இத்தனையும் எந்த விளக்கமும் இல்லாமல் புரிகிறது. சந்தா கட்டுகிறோமே, இரவல் இலவசம் அல்லவா, ‘வாடகை’ சரியாகாதா என்று கேட்கலாம். வாடகை என்பது ஒரு படத்துக்கு மட்டும் பணம் கட்டும் முறைக்கு ஏற்கெனவே போய்விட்டது. அதை இதோடு கலக்க வேண்டாம்.

டேப் என்பதற்கே என்ன சொல் என்ற கிளை விவாதத்தில் நான் இறங்கவில்லை. பலகைக் கணினி, கைக்கணினி, வரைப்பட்டிகை மூன்றும் அகராதியில் இருக்கட்டும். கையேட்டின் முதல் பக்கத்தில் ‘கைக்கணினி’ என்று ஒருமுறை எழுதிவிட்டு அப்புறம் டேப் என்றே போய்விடலாம் என்பது என் எண்ணம். ‘மாத்திரை’ என்று மொழிபெயர்த்த இயந்திரத்தைவிட நாம் எவ்வளவோ மேல்.

தனித்தமிழ் அன்பர் ஒருவர் இந்தச் சொற்கள் ‘கலைச்சொல் போல் இல்லை’ என்று நேற்று எழுதியிருந்தார். ஐயா, நுண்செயலியில் இருந்த ‘செயலி’ இன்று ஆப் ஆகிவிட்டது. யாரும் அரசாணை போடவில்லை. மக்கள் எடுத்துக்கொண்டார்கள், அகராதி பின்னால் வந்தது. ஏற்று, கையிருப்பு, இரவல் மூன்றும் தமிழ்ச் சொற்கள் என்பதில் உங்களுக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. சிரமப்படாமல் புரிகிறது என்பதைத் தவிர வேறு குறை தெரிந்தால் சொல்லுங்கள்.

மறுப்பு வராவிட்டால் திறமூலக் காணொளி இயக்கியின் மொழிபெயர்ப்புக் கோப்பில் இந்த வார இறுதியில் மாற்றிவிடுகிறேன். கொஞ்ச காலம் புழங்கிப் பார்த்த பிறகு தமிழ்நாடு அரசின் கலைச்சொல் தளமான சொற்குவைக்கும் அனுப்பலாம். யாழ்ப்பாணத்திலும் மலேசியாவிலும் இருப்பவர்கள் ஒன்று மட்டும் உறுதிப்படுத்த வேண்டும். உங்கள் பக்கம் கையிருப்பு என்றால் பணம் மட்டும்தானா, பொருளுக்கும் வழங்குமா? பணம் மட்டும் என்றால் ‘கைவசம்’ பக்கம் சாய்வதில் எனக்குத் தடையில்லை.

இன்னொன்று விட்டுப்போனது. கெடு முடிந்த இரவல் படத்தின்மீது தொட்டால் வரும் செய்திக்கு ‘கெடு முடிந்தது’ என்று எழுதியிருக்கிறேன். ‘காலாவதியானது’ என்பதை மருந்துக்கும் பிஸ்கட்டுக்கும் விட்டுவிட்டேன். இதில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா?

அன்புடன்,
மேற்கு மாம்பலத்திலிருந்து