முதல் நிலக்கரி மின் நிலையம்: நியூயார்க்கா, லண்டனா?

அரைவாட்:
எடிசன் 1882இல் நியூயார்க் பேர்ல் தெருவில் தொடங்கியதுதான் உலகின் முதல் நிலக்கரி மின் நிலையம் என்று வகுப்பில் சார் சொன்னார். லண்டன் என்று எங்கோ படித்த ஞாபகம். எது சரி? அப்புறம், அந்தக் காலத்தில் பில் எப்படிப் போட்டார்கள்?

பாய்லர்பக்கம்:
லண்டன்தான் முந்தி. ஹோல்போர்ன் வயாடக்ட் என்ற பாலத்தருகே, அதே 1882, ஜனவரி. அதுவும் எடிசன் ஆட்கள் போட்டதுதான், அதனால் உங்கள் சாருக்குப் பாதி மார்க் கொடுக்கலாம். பாலத்துக்கு அடியில் ஏற்கெனவே சுரங்கவழி இருந்ததால் தெருவைத் தோண்டாமல் அதிலேயே கம்பியை இழுத்துவிட்டார்கள். நஷ்டம் தாங்காமல் 1886இல் மூடியாச்சு.

கரித்தூள்:
ஆனாலும் சுவாரசியம் பேர்ல் தெருவில்தான். ஜம்போ என்று யானைப் பெயர் வைத்த டைனமோ, ஒன்று சுமார் 27 டன். ஜூலையில் இரண்டாவதை முதலாவதோடு இணைத்துப் பார்த்தபோது டைனமோக்களைச் சுழற்றும் நீராவி எஞ்சின்களில் ஒன்று தலைதெறிக்க ஓட, இன்னொன்று மந்தமாகி, உடனே இது வேகமெடுக்க அது மந்தமாக என்று மாறி மாறி ஆடி, கட்டடமே அதிர்ந்ததாம். கவர்னர்கள் (எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் கருவிகள்) ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, பிறகு எஞ்சினையே மாற்ற வேண்டியதாயிற்று. அதனால் செப்டம்பர் 4 பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கியபோது ஓடியது ஒரே ஒரு டைனமோ, 400 விளக்குகள். 110 வோல்ட் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) என்பதால் சுற்றி அரை மைலைத் தாண்டிக் கொண்டுபோவது கட்டுப்படியாகாது. 1890 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்ததில் தப்பியது ஒரே ஒரு ஜம்போ.

அரைவாட்:
சரி, மீட்டர்?

கரித்தூள்:
கண்ணாடி ஜாடி, துத்தநாக சல்பேட் கரைசல், உள்ளே இரண்டு துத்தநாகத் தட்டுகள். மின்னோட்டத்தில் ஒரு சிறு பங்கு அதன் வழியே போகும்போது ஒரு தட்டு கரைந்து மற்றதில் படியும். மாதாமாதம் ஆள் வந்து தட்டை எடுத்துப்போய் எடை போட்டுப் பார்த்தால் பில் ரெடி. குளிரில் கரைசல் உறையாமலிருக்க மீட்டருக்குள்ளேயே ஒரு பல்பு எரியும்!

பாய்லர்பக்கம்:
பெரும் வங்கியாளர் ஜே.பி. மார்கனுக்கே இந்த மீட்டர்மேல் சந்தேகம் வந்ததாக எடிசன் ஒரு கதை சொல்வார். எந்த விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது என்று அட்டை போட்டுக் குறித்து வந்தார்களாம், கணக்கு ஒத்துவரவில்லை. கடைசியில் பார்த்தால், ஆபீஸைக் கூட்டிப் பெருக்க வருபவர் போட்ட விளக்குகளை யாருமே எழுதவில்லை.